டிஓடி-117ஜே டேங்க் கார், ஃபுல் சர்வீஸ் குத்தகையில்: பெட்டி எப்படி, ஒப்பந்தம் எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் எத்தனால் ஏற்றி அனுப்பும் ஓர் ஆலையில், டேங்க் கார் (திரவம் ஏற்றும் ரயில் பெட்டி) பழுது பார்க்கத் தனி ஆட்கள் இல்லையென்றால், டிஓடி-117ஜே பெட்டியை ஃபுல் சர்வீஸ் குத்தகையில் எடுப்பதுதான் சரி. பெட்டியில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் அப்படியல்ல. "எல்லாப் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு" என்று முதல் பக்கத்தில் இருக்கும். கழுவும் செலவு, கேஸ்கெட், உள்பூச்சு, திருப்பித் தரும் நிலை, சட்டம் மாறினால் கூடும் வாடகை என்று ஒவ்வொன்றாகப் பின்பக்கங்களில் விலகிக்கொண்டே போகும். மாத வாடகையை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பெட்டி

பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறியீட்டிலிருந்து தொடங்குவோம். டிஓடி-117ஜே100டபிள்யூ என்பதில் டிஓடி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, 117 வகுப்பு எண். ஜே என்றால் வெளியே எஃகு ஜாக்கெட், உள்ளே வெப்பத் தடுப்பு, இரு முனையிலும் தலைக் கவசம் மூன்றும் உண்டு. 100 என்பது டேங்கின் சோதனை அழுத்தம், சதுர அங்குலத்துக்குப் பவுண்டில். டபிள்யூ என்றால் வெல்டிங் செய்த டேங்க். 117-க்குப் பின் ஜே இல்லாமல் ஆர் இருந்தால் அது பழைய பெட்டியை மேம்படுத்தியது. அழுத்த வாயு ஏற்றும் டிஓடி-105, 112 பெட்டிகளையும் இதே முறையில் படிக்கலாம்: 105ஜே500டபிள்யூ என்றால் சோதனை அழுத்தம் 500.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் புரியும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாந்திக் ஊருக்குள் கச்சா எண்ணெய் ரயில் தடம்புரண்டு 47 பேர் இறந்தார்கள். தடம்புரண்டவை டிஓடி-111 பெட்டிகள். அவற்றின் ஓடு, அதாவது டேங்கின் எஃகுச் சுவர், 7/16 அங்குலத் தடிமன். பெரும்பாலானவற்றில் ஜாக்கெட்டும் இல்லை, தலைக் கவசமும் இல்லை. 2015 மே மாதம் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து புதிய விதியை அறிவித்தன. அதன்படி 117ஜே-யின் ஓடு குறைந்தது 9/16 அங்குலம், டிசி-128 கிரேடு பி எஃகு, நார்மலைஸ் செய்தது (சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தியது). அதன்மேல் 11 கேஜ் ஜாக்கெட். இரு முனைகளையும் முழு உயரத்துக்கு மூடும் அரை அங்குலத் தலைக் கவசம். மேல் வால்வுகளைச் சுற்றிப் பாதுகாப்புக் கூடு. தேங்கி எரியும் தீயில் 100 நிமிடமும், பீறிட்டு அடிக்கும் தீயில் 30 நிமிடமும் தாங்கும் வெப்பத் தடுப்பு. விபத்தில் அடி வால்வின் கைப்பிடி எதிலாவது மாட்டித் தானாகத் திறந்துவிடாத அமைப்பு.

117ஆர் பெட்டியில் ஓடு 7/16 அங்குலமாகவே இருக்கலாம். சட்டப்படி எத்தனால் ஏற்ற அதுவும் போதும், வாடகையும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதற்கு வயதாகியிருக்கும். 1974 ஜூலைக்குப் பின் கட்டிய பெட்டிகள் 50 ஆண்டு வரைதான் வெவ்வேறு நிறுவனங்களின் ரயில்பாதைகளுக்கிடையே மாறி ஓடலாம். அந்த வரம்பு தொலைவில் இருந்தாலும், பத்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனை குத்தகைக் காலத்துக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால், பெட்டி வாரக்கணக்கில் பணிமனையில் நிற்கும்.

117ஜே-யில் நாம் கொடுக்கும் விலை எடை. தடித்த ஓடும் ஜாக்கெட்டும் வெற்று எடையைக் கூட்டுகின்றன. பெட்டியின் மேல் எழுதிய வெற்று எடை 95,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தில் அனுமதிக்கும் மொத்த எடை 286,000 பவுண்டு. மீதி 191,000. எத்தனால் கேலனுக்குச் சுமார் 6.6 பவுண்டு, ஆக 28,900 கேலன் ஏற்றலாம். பாதையில் எங்காவது ஒரு சிறு ரயில்பாதை 263,000 பவுண்டுக்கு மேல் ஏற்காது என்றால் இதே பெட்டியில் 25,400 கேலன்தான். ஒரு பெட்டிக்கு 3,500 கேலன் இழப்பு. இறக்குமிடம் வரை உள்ள எல்லா ரயில்பாதைகளின் எடை வரம்பையும் கேட்டு வைத்துக்கொண்ட பிறகே பெட்டியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடை சரியாக வந்தாலும், கொள்ளளவு குறுக்கே நிற்கலாம். வெப்பத்தில் திரவம் விரியும் என்பதால் மேலே காலி இடம் விட வேண்டும். வெப்பத் தடுப்புள்ள பெட்டிக்கு விதி சொல்வது: திரவம் 43 டிகிரி செல்சியஸுக்குச் சூடானாலும் 1 சதவீத இடம் மிஞ்ச வேண்டும். வெறும் ஓடுள்ள பெட்டிக்கு அது 46 டிகிரி, சரக்கின் வெப்பநிலையைக் காக்கும் இன்சுலேஷன் உள்ளதற்கு 41. எத்தனால் டிகிரிக்கு ஏறத்தாழ 0.11 சதவீதம் விரிகிறது. பனிக்காலத்தில் 4 டிகிரியில் ஏற்றினால் 43 டிகிரி வரை 4.3 சதவீத விரிவு. 30,000 கேலன் பெட்டியில் 29,700-ஐ 1.043-ஆல் வகுத்தால் 28,475 கேலன். எடைக் கணக்கு 28,900 வரை விட்டாலும் குளிரில் 28,475-க்கு மேல் ஏற்றக் கூடாது. கோடையில் ஏற்றும் அளவையே பனிக்காலத்திலும் ஏற்றுபவர்கள், பெட்டி வெயிலில் நிற்கும்போது ரிலீஃப் வால்வு (அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு) ஏன் கசிகிறது என்று வால்வைக் குறை சொல்வதுண்டு. வால்வு தன் வேலையைத்தான் செய்திருக்கும்.

கசிவது எங்கே

விபத்தே இல்லாமல் நடக்கும் கசிவுகளில் மேன்வே (டேங்கின் மேலுள்ள, ஆள் இறங்கும் திறப்பு) மூடிக்குத்தான் முதலிடம். 117ஜே எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இதை மாற்றாது, ஏனென்றால் மூடியை முடுக்குவது மனிதர். கீல் வைத்த மூடியில் ஆறு அல்லது எட்டு ஐபோல்ட்டுகள் (ஒரு முனையில் வளையமுள்ள போல்ட்டுகள்) இருக்கும். ஒரு பக்கத்தில் தொடங்கி வரிசையாகச் சுற்றி முடுக்கினால் எதிர்ப்பக்கம் கேஸ்கெட் தூக்கிக்கொள்ளும். எதிரெதிராக, நட்சத்திர வடிவில், இரண்டு மூன்று சுற்றாகப் படிப்படியாக முடுக்க வேண்டும். கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கேஸ்கெட் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. சற்று நேரம் கழித்து இன்னொரு சுற்றும் பார்க்க வேண்டும். கேஸ்கெட் அமுங்கியதும் போல்ட் தளர்ந்திருக்கும். பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது பெரிய தவறு. ஒருமுறை பள்ளம் விழுந்த ரப்பர் அடுத்த முறை சீராக உட்காராது. ஐபோல்ட்டின் மரை தேய்ந்திருந்தாலோ, அதைக் கோத்திருக்கும் ஊசி வளைந்திருந்தாலோ, டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும். மூடி மட்டும் இறுகியிருக்காது. மரையைத் துடைத்துப் பார்க்காமல் டார்க் எண்ணை நம்பக் கூடாது.

அடுத்தது அடி வால்வு. இறக்குமிடத்தில் அதன் மூடியைக் கழற்றும் முன், மூடியிலுள்ள சிறு அடைப்பானை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். சொட்டு வந்தால் உள்ளே பந்து வால்வின் இருக்கை கசிகிறது. இருக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் குழாயிலிருந்து வந்த வெல்டிங் துகளும் மண்ணும். கைப்பிடி வராவிட்டால் இரும்புக் குழாயைச் செருகி நெம்பும் பழக்கம் எல்லா முனையங்களிலும் உண்டு. அதில் தண்டு முறுக்கிக்கொள்ளும்; கைப்பிடி மூடிய நிலையைக் காட்டும், பந்து பாதி திறந்திருக்கும். ஏற்றிய பெட்டியில் இது தெரியவந்தால் அப்படியே அனுப்ப முடியாது. அமெரிக்க அரசின் ரயில்வே நிர்வாகமான எஃப்ஆர்ஏ-விடம் ஒருமுறைப் பயண அனுமதி வாங்கித்தான் நகர்த்த வேண்டும். அந்தத் தாமதத்துக்கு வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது, வெற்றிடம். பம்ப் வைத்து அடியில் இறக்கும்போது மேலே காற்று நுழைய வழியில்லை என்றால் ஓடு உள்நோக்கி நசுங்கும். நீராவியில் கழுவி, சூட்டோடு மூடிவிட்டாலும் இதே கதிதான்: நீராவி குளிர்ந்து நீராகும்போது உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். வெற்றிட வால்வு சிறிய ஏற்றத்தாழ்வுகளுக்கானது. பம்ப் இழுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்று நம்பி இறக்கக் கூடாது. காற்று வழியைத் திறந்து, அது திறந்திருக்கிறது என்று கையால் சோதித்த பிறகே பம்ப். நசுங்கிய டேங்கின் செலவு குத்தகை எடுத்தவருடையது. எந்த ஃபுல் சர்வீஸ் ஒப்பந்தமும் இதை ஏற்காது.

இறக்கி முடித்த பெட்டி காலி என்று எண்ணி அரைகுறையாக மூடி அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. உள்ளே எச்சம் இருக்கும்வரை அபாயப் பலகைகள் அப்படியே இருக்க வேண்டும், எல்லா மூடிகளும் ஏற்றிய பெட்டியைப் போலவே இறுகியிருக்க வேண்டும். அதை அனுப்புபவர் இறக்கியவர்தான், பொறுப்பும் அவருடையது.

பக்கவாட்டுக் கட்டம்

பெட்டியைக் கையேற்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது தகுதிக் கட்டம்: டேங்க், தடிமன் சோதனை, சர்வீஸ் எக்யுப்மெண்ட் (வால்வு, மூடி போன்றவை), ரிலீஃப் வால்வு, உள்பூச்சு, 88.பி.2 (பெட்டியின் கட்டமைப்புச் சோதனை), ஸ்டப் சில் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பணிமனை, எந்த ஆண்டு சோதித்தது, அடுத்தது எந்த ஆண்டு என்று குறித்திருப்பார்கள். டேங்குக்கும் வால்வுகளுக்கும் அதிகபட்ச இடைவெளி 10 ஆண்டு. அரிக்கும் பொருள் ஏற்றினால் தேய்மானக் கணக்கின்படி இதைவிடக் குறையலாம். கெடு தாண்டிய பெட்டியில் அபாயச் சரக்கை நிரப்பி அனுப்பக் கூடாது. கெடுவுக்கு முன் நிரப்பியிருந்தால் போய்ச் சேர அனுமதி உண்டு.

ஸ்டப் சில் வரியைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய டேங்க் கார்களில் முனையிலிருந்து முனைக்கு ஓடும் நடுத் தண்டு கிடையாது. இரு முனையிலும் குட்டையான சில் (எஃகு உத்தரம்) மட்டும். ரயில் இழுக்கும் விசையையும் இடிக்கும் விசையையும் டேங்க் ஓடே தாங்குகிறது. சில்லை ஓட்டோடு சேர்க்கும் வெல்டிங்கில் விரிசல் விழுந்தால் அது டேங்க் வரை போகும். அந்தச் சோதனைக்கு எஸ்எஸ்-3 என்ற படிவம் உண்டு. கட்டுமானச் சான்றிதழ், கடைசிப் பழுது அறிக்கை, இருந்தால் எஸ்எஸ்-3, மூன்றின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். தரத் தயங்கும் நிறுவனத்திடம் பெட்டி எடுக்க வேண்டாம்.

ஒப்பந்தம்

வட அமெரிக்காவில் ரயில் நிறுவனங்கள் டேங்க் கார்களைப் பொதுவாக வைத்திருப்பதில்லை. அனுப்புபவர்களும் குத்தகை நிறுவனங்களும்தான் உரிமையாளர்கள். பெட்டியில் எழுதிய உரிமையாளர் குறியெழுத்து எக்ஸ் என்று முடிந்தால் அது ரயில் நிறுவனத்தின் பெட்டி அல்ல: யூடிஎல்எக்ஸ் யூனியன் டேங்க் கார், ஜிஏடிஎக்ஸ் அதே பெயருள்ள சிகாகோ நிறுவனம், டிஐஎல்எக்ஸ் டிரினிட்டி, பிஆர்ஓஎக்ஸ் கனடாவின் புரோகோர். யூனியன் டேங்க் கார் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஆயிலின் கையில் இருந்து 1911-இல் பிரிந்தது. ஜிஏடிஎக்ஸ் தொடங்கியது 1898-இல். தொழில் இவ்வளவு பழையது என்பதால் ஒப்பந்த வாசகங்களும் ஒரே சாயலில் இருக்கும். பொது விதிகளுக்கு ஒரு தலைமை ஒப்பந்தம். எத்தனை பெட்டி, என்ன வாடகை, எத்தனை மாதம், என்ன சரக்கு என்பதற்கு அதோடு இணைக்கும் ரைடர். பேரம் பேச வேண்டியது ரைடரில்.

ஃபுல் சர்வீஸின் உண்மையான பலன் சக்கரத்திலும் பிரேக்கிலும் இருக்கிறது. ஓடும் வழியில் சக்கரம் தட்டையாகித் தண்டவாளத்தை இடித்தால் பாதையோர உணர்கருவி அதை அளந்துவிடும். இடி 90 கிப் (90,000 பவுண்டு விசை) தாண்டினால் சக்கரத்தை மாற்றிவிட்டு, ரயில் நிறுவனங்களின் சங்கமான ஏஏஆர் விலைப்பட்டியலின்படி பில் அனுப்புவார்கள். ஃபுல் சர்வீஸில் அந்த பில் பெட்டி உரிமையாளருக்குப் போகும். பராமரிப்பைக் குத்தகை எடுத்தவரே ஏற்கும் நெட் குத்தகையில் உங்களுக்கு வரும், அதைச் சரிபார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டும். பிரேக் கட்டை, சக்கரம், பெட்டிகளை இணைக்கும் கப்ளர் பாகங்கள் என்று மாதாமாதம் வரும் சிறு பில்களைத் தணிக்கை செய்ய முடியாத ஆலைக்கு நெட் குத்தகை ஒத்துவராது. பத்தாண்டுப் பரிசோதனையையும் ஃபுல் சர்வீஸில் பொதுவாக உரிமையாளரே ஏற்கிறார். இதுவரை நல்லதுதான்.

இனி ஓட்டைகள். பணிமனைக்குப் பெட்டி போகும்போது உள்ளே இருக்கும் எச்சத்தை அகற்றிக் கழுவும் செலவு உங்களுடையது. அங்கே கொண்டுபோகும் ரயில் கட்டணமும் பல ஒப்பந்தங்களில் உங்கள் பக்கம்தான். கேஸ்கெட், மூடி, அடைப்பான் போன்ற கழற்றக்கூடிய பாகங்கள் உங்களுடையவை. உள்பூச்சு எப்போதுமே அனுப்புபவர் தலையில். எத்தனாலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ரப்பர் லைனிங் உள்ள பெட்டி எடுப்பவருக்கு இந்த ஒரு வரி மற்ற எல்லாச் சேமிப்பையும் விழுங்கும். அமிலக்காரர்கள் ஃபுல் சர்வீஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் வாடகை தருவதை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பணிமனையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை நிற்குமா? நிற்கும், ஆனால் உடனே அல்ல. வந்து சேர்ந்து சில நாள் கழித்துத்தான் கழிவு தொடங்கும், அதுவும் பழுது உங்களால் வராதபோது மட்டும். "வந்து சேர்ந்த நாள்" என்பது பணிமனை வாசலுக்கு வந்ததா, ரயில் நிறுவனம் கையளித்ததா என்று தெளிவாக எழுத வைக்க வேண்டும். பணிமனை நிரம்பியிருக்கும் காலத்தில் பெட்டி வெளியே யார்டில் வாரக்கணக்கில் காத்து நிற்கும். அந்த நாட்கள் கணக்கில் வராவிட்டால் பெட்டியும் இருக்காது, வாடகையும் குறையாது. நாங்கள் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும் பேரம் பேச முடியும் என்றால் இதைப் பேசுங்கள்.

மைல் கணக்கிலும் கவனம் வேண்டும். ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓடினால் மைலுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் ரைடரில் இருக்கும். அது பெட்டிக்குப் பெட்டியா, மொத்தக் கூட்டத்தின் சராசரிக்கா என்று பாருங்கள். சராசரியே நல்லது. இன்னொரு பக்கம், ரயில் நிறுவனம் தனியார் பெட்டிக்கு மைலேஜ் தொகை தரும் பழைய முறையும் உண்டு. அதில், ஏற்றி ஓடிய மைல்களில் 106 சதவீதத்துக்கு மேல் காலியாக ஓடினால், அந்த அதிகப்படி மைல்களுக்கு ரயில் நிறுவனம் கட்டணம் கேட்கும். அந்தக் கட்டணம் குத்தகை எடுத்தவரிடம்தான் வந்து சேரும். ஒரே ஆலை, ஒரே இறக்குமிடம் என்றால் போன மைலும் வந்த மைலும் சமம். காலிப் பெட்டியை வேறு ஊருக்குத் திருப்பிவிடும் பழக்கம் இருந்தால் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

சட்டம் மாறினால் என்ன ஆகும்? அரசோ ஏஏஆரோ புதிய மாற்றம் கட்டாயமாக்கினால், அந்தச் செலவுக்கேற்ப மாத வாடகை உயரும் என்று ஒரு பிரிவு இருக்கும். 117ஜே-யில் இந்த ஆபத்து குறைவு. டிஓடி-111-இல் அப்படியல்ல. எத்தனாலில் அந்த வகைக்குக் கெடு 2023 மே மாதமே முடிந்தது. தீப்பற்றும் திரவங்களில் பேக்கிங் குழு (அபாய அளவின்படி பிரித்த வகை) 2, 3-ஐச் சேர்ந்த மற்றவற்றுக்கு 2029 மே 1 வரைதான். அதைத் தாண்டி நீளும் குத்தகையில் 111 பெட்டி எடுத்துத் தீப்பற்றும் கரைப்பான் ஏற்ற நினைப்பவர், அந்தத் தேதியில் அபராதமில்லாமல் பெட்டியைத் திருப்பித் தரும் உரிமையை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சோள சிரப், தாவர எண்ணெய் ஏற்றுபவருக்கு இந்தக் கெடு கிடையாது. அவர்களுக்கு 117ஜே-யின் கூடுதல் எடையும் வாடகையும் வீண்.

பெட்டி விபத்தில் அழிந்தால், ஓட்டிய ரயில் நிறுவனம் ஏஏஆர் விதி 107-இன்படி தேய்மானம் கழித்த மதிப்பைத் தரும். உங்கள் ஆலைத் தண்டவாளத்தில் அழிந்தால் நீங்கள் தர வேண்டும், அதற்குரிய மதிப்பு அட்டவணை ஒப்பந்தத்தில் தனியாக இருக்கும். அது விதி 107 கணக்கைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காப்பீட்டுத் தொகையை வையுங்கள்.

எத்தனை பெட்டி?

ஆண்டுக்கு 6 கோடி கேலன் அனுப்பும் ஆலையை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்கு 28,500 கேலன் என்றால் 2,105 லோடு. ஏற்றி, போய், இறக்கி, காலியாகத் திரும்பி வர 24 நாள் என்றால் 2,105-ஐ 24-ஆல் பெருக்கி 365-ஆல் வகுக்க 139 பெட்டி வரும். அதே சுற்று 28 நாளானால் 162. நான்கு நாள் தாமதத்துக்கு 23 பெட்டி கூடுதல் வாடகை! பணிமனையில் நிற்பவற்றுக்குச் சில பெட்டிகளை இதற்கு மேலும் சேர்க்க வேண்டும். வாடகையில் சில டாலர் குறைக்கப் பேசும் நேரத்தை, இறக்குமிடத்தில் பெட்டி எத்தனை நாள் நிற்கிறது என்பதை ரயில் நிறுவனம் தரும் இடச்செய்திகளிலிருந்து எடுத்துப் பார்ப்பதில் செலவிட்டால் பலன் அதிகம். இறக்குபவர் பெட்டியைக் கிடங்கு போல வைத்துக்கொண்டிருந்தால், இலவச நாட்களுக்குப் பின் நாள் கட்டணம் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே முடிவுத் தேதி வைக்க வேண்டாம். மூன்றாகப் பிரித்து வெவ்வேறு ஆண்டுகளில் முடியும்படி ரைடர் போட்டால் சந்தை வாடகை ஏறியிருக்கும் ஆண்டில் மொத்தத்தையும் புதுப்பிக்கும் நெருக்கடி வராது. முடியும்போது பெட்டி காலியாக, கழுவி, உரிமையாளர் சொல்லும் இடத்தில் போய்ச் சேர வேண்டும். அதுவரை வாடகை ஓடும், சில ஒப்பந்தங்களில் உயர்த்திய விகிதத்தில். ஆகவே கடைசி மாதத்தின் கடைசி லோடை ஏற்றிவிட்டுத் திருப்பித் தரலாம் என்று திட்டமிடாதீர்கள். ஒரு முழுச் சுற்றுக்கான நாட்களும் கழுவும் இடத்தில் வரிசையில் நிற்கும் நாட்களும் சேர்த்து, கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே பெட்டிகளை ஓட்டத்திலிருந்து விலக்கத் தொடங்குங்கள். விலக்கும்போது ஒவ்வொன்றின் மேன்வே, அடி வால்வு, ஓட்டின் பக்கங்கள், ஏணி எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்தால், பணிமனையில் கண்டுபிடித்ததாக வரும் சேத பில்லுக்குப் பதில் சொல்ல முடியும்.